மரமா, குளமா, கொறங்காடா? ஞாயிற்றுக்கிழமை உழைப்பை எங்கே கொடுப்பது

சித்திரை வெயிலில் எங்கள் ஊர்க் குட்டைக் கரையில் பட்டுப்போய் நின்ற புங்கன் கன்று ஒன்றைப் பிடுங்கினேன். இழுத்த இழுப்புக்கே கையோடு வந்துவிட்டது. வேரைச் சுற்றிக் கருப்பு நெகிழிப் பை அப்படியே இருந்தது. நட்டவர் பையைக் கிழிக்காமலேயே குழியில் வைத்து மண்ணைத் தள்ளியிருக்கிறார். வெளியே வர வழியில்லாத வேர் பைக்குள்ளேயே வட்டமடித்து, கயிற்றுச் சுருள்போலப் பின்னிக் கிடந்தது. ஆடி மாதத்தில் அதை நட்ட அன்று பந்தல் இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, ஆளுக்கொரு தொப்பி இருந்தது. அந்த வரிசையில் நானும் நின்றேன்.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று கொங்கு நாட்டில் எங்கு பார்த்தாலும் இப்போது தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வாரம் ஆறு நாள் பனியன் கம்பெனியிலும் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு, ஏழாவது நாள் விடியற்காலையில் மண்வெட்டியோடு வந்து நிற்பவர்கள். அவர்களின் அந்த நான்கு மணி நேரம் விலைமதிப்பற்றது. அது பைக்குள் சுருண்ட வேராகிவிடக் கூடாது என்ற கவலையில்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். நம் முன்னால் முக்கியமாக மூன்று வேலைகள் இருக்கின்றன: மரம் நடுவது, குளம் குட்டைகளை மீட்பது, கொறங்காடு என்னும் உழாத மேய்ச்சல் நிலத்தைக் காப்பது. முதல் இரண்டுக்கும் ஆள் சேர்கிறது. மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

மரத்திலிருந்து தொடங்குகிறேன். நடுவது எளிது, குழந்தைகளும் செய்யலாம், புகைப்படத்திலும் நன்றாக இருக்கும். ஆனால் கொங்குச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி. ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை கிடைத்தாலே பெரிது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. ஆடியில் நமக்கு வருவது பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று, மழை அல்ல. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது விதைப்புக்குச் சொன்னது. இரண்டடி உயரக் கன்றை அந்தக் காற்றில் நட்டால் இலை வழியாகவே ஈரம் போய்விடும். புரட்டாசியில் மண் நனைந்த பிறகு நட்டால் அதே கன்றுக்குக் குறைந்தது இரண்டு மாத ஈரம் கிடைக்கும்.

நட்ட பிறகு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அகிரா மியாவாக்கி என்ற ஜப்பானியத் தாவரவியலாளர் வகுத்த அடர்வன முறை இப்போது நம் ஊர்களிலும் பரவியிருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்றுகள் வரை நெருக்கி நட்டு, மண்ணை மூடாக்குப் போட்டுக் காப்பது அதன் சாரம். நகரத்துக்குள் குப்பை கொட்டிக் கெட்டுப்போன சிறிய இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் அங்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீர் விட்டே ஆக வேண்டும், களை எடுத்தே ஆக வேண்டும். 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' முயற்சியில் எனக்குப் பிடித்தது, வேலியும் தண்ணீரும் உள்ள நிலமாகப் பார்த்து நடுகிற அந்தக் கண்டிப்பு. பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் நடுவதைவிட நடாமல் இருப்பது மேல். கன்றாவது நாற்றுப் பண்ணையில் பிழைத்துக் கிடக்கும்.

இரண்டாவது, குளம். இதில் நம் முன்னோர் விட்டுச்சென்ற சொத்து பெரியது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலில், வழிநெடுக அணைக்கட்டுகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளத்திலிருந்து குளத்துக்குத் தண்ணீர் போகும்படி கோத்திருக்கிறார்கள். சித்திரைச்சாவடி வாய்க்காலில் வரும் நீர் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று படிப்படியாக இறங்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே உள்ள குளத்துக்கு மழைநீர் சேராது. சாக்கடை மட்டும் சேரும்.

அதனால்தான் குளத்துக்குள் இறங்கி வேலை செய்வதைவிட, குளத்துக்கு வரும் வாய்க்காலில் வேலை செய்வதே தன்னார்வலருக்கு ஏற்றது என்கிறேன். தூர்வாருவது பொக்லைன் செய்ய வேண்டிய வேலை. வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும், விவசாயிகளின் டிராக்டர்கள் வர வேண்டும். ஐம்பது பேர் பாண்டுச் சட்டியில் அள்ளினால் ஒரு மூலைகூடத் தீராது. ஆனால் வாய்க்காலின் ஒரு மதகில் அடைத்துக் கிடக்கும் துணிக் கழிவையும் நெகிழியையும் புரட்டாசிக்குள் அந்த ஐம்பது பேர் எடுத்துவிட்டால், அடுத்த மழைக்கே பலன் கண்ணுக்குத் தெரியும். நான் ஈடுபட்ட வேலைகளில், போட்ட உழைப்புக்கு அதே ஆண்டில் பலன் கண்டது இது ஒன்றில்தான். தடுப்பில் சிக்கியிருந்த ஒரு பழைய மெத்தையை எட்டுப் பேர் கடப்பாரையால் நெம்பி எடுத்தோம். பின்னால் தேங்கியிருந்த கருநீர் முழங்கால் அளவுக்கு வடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தூர்வாருவதில் இன்னொரு தவறும் நடக்கிறது. குளத்தைக் கிண்ணம்போல ஒரே ஆழமாகத் தோண்டிவிடுகிறார்கள். உள்ளானும் ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் கணுக்கால் அளவு நீரில்தான் இரை தேடும். ஓரம் செங்குத்தாக இறங்கினால் அவற்றுக்கு அந்தக் குளத்தில் வேலையே இல்லை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த, ஈரோடு அருகே உள்ள வெள்ளோட்டிலும், 2024-இல் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும் போய்ப் பாருங்கள். ஆழமான நீர், சேறு, திட்டு, நீருக்குள் நிற்கும் கருவேல மரம் என்று எல்லாம் கலந்திருக்கிறது. அதனால்தான் அங்கே பறவை வருகிறது.

கருவேலம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாட்டுக் கருவேலம் வேறு, சீமைக் கருவேலம் வேறு. கொடுவாளை எடுக்கும் முன் இலையையும் நெற்றையும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நாட்டுக் கருவேல நெற்று மணி கோத்ததுபோல விதைக்கு விதை இறுகியிருக்கும். சீமைக் கருவேல நெற்று அவரைபோல நீண்டு மஞ்சளாகத் தொங்கும். சீமையை வெட்டினால் போதாது. அடிக்கட்டையிலிருந்து இரட்டிப்பாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால் ஆட்டுப் புழுக்கையில் வந்து விழுந்த விதையெல்லாம் அடுத்த மழையில் முளைக்கும். பறவை கூடு கட்டியிருக்கும் மாதங்களில் அதைத் தொடவே கூடாது. அந்நிய மரம் என்றாலும் கூட்டுக்குள் இருப்பது நம் குஞ்சு.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கப்பட்டதிலிருந்து 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி உபரிநீர் குழாயில் வருவதற்கு வழி பிறந்திருக்கிறது. பல பத்தாண்டுப் போராட்டத்தில் கிடைத்த தண்ணீர் அது. அது வந்து சேரும் குட்டை முழுக்கச் சீமைக் கருவேலமும் கோழிக் கழிவும் கிடந்தால் வாங்கிய வரம் வீண். அவிநாசி, பெருந்துறைப் பக்கம் இருப்பவர்கள் மரத்தை விட்டுவிட்டு முதலில் உங்கள் ஊர்க் குட்டைக்குப் போங்கள்.

ஆனால் குளத்தில் நம் கைக்கு எட்டாதது ஒன்று இருக்கிறது. சாயக் கழிவை மண்வெட்டியால் அள்ள முடியாது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாய ஆலைகளின் கழிவால் சாயநீர்த் தொட்டியாக மாறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரே வெளியேறாத நிலையை எட்டும்வரை சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அது தன்னார்வலர்கள் கரையைச் சுத்தம் செய்ததால் வந்ததல்ல. விவசாயிகள் வழக்காடியதால் வந்தது. சில நேரம் ஞாயிற்றுக்கிழமையை ஒரு மனு எழுதக் கொடுப்பதுதான் சரியான தொண்டு.

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். என் மனம் இங்கேதான் இருக்கிறது.

கொங்கில் ஒருவர் "காட்டுக்குப் போகிறேன்" என்றால் வனத்துக்குப் போகிறார் என்று பொருள் இல்லை. கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். வானம் பார்த்தது காடு. அந்தக் காட்டிலும் உழாமல், விதைக்காமல், மேய்ச்சலுக்கென்றே விட்டது கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், சின்னதாராபுரம் என்று பஸ்ஸில் போகும்போது இரு பக்கமும் பாருங்கள். சரளை கலந்த சிவந்த மண், சுற்றிக் கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே குடைபோல வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேல நெற்று உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். காங்கேயம் காளையின் திமிலும் கொம்பும் இந்தப் புல்லில் வளர்ந்தவை. கௌதாரி, வானம்பாடி, ஆட்காட்டி, முயல், கீரி எல்லாம் இதே நிலத்தின் குடிகள்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இது தரிசாகத் தெரிகிறது. தரிசு என்றதும் குழி தோண்டத் தோன்றுகிறது. புல்வெளியில் நெருக்கமாக மரம் நட்டால் நிழல் விழுந்து புல் போகும். புல்லோடு தரையில் முட்டையிடும் பறவையும் போகும். மூலனூர் அருகே ஒரு கொறங்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், "ஏன் அம்மா இவ்வளவு இடத்தையும் சும்மா விட்டிருக்கிறீர்கள், மரம் வைக்கலாமே" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. குனிந்து ஒரு கைப்பிடிப் புல்லைத் தூரோடு விலக்கிக் காட்டினார். மேலே தாள் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருந்தது. அடியில் தூர் பச்சையாக இருந்தது. "சும்மா எங்கே கண்ணு கிடக்கிறது? இது புல்லுக்கு விட்ட பூமி" என்றார்.

அந்தப் பூமிதான் இன்று வேகமாகச் சுருங்குகிறது. மனையிடமாகவும் சூரிய மின்தகடுப் பண்ணையாகவும் மாறுகிறது. மீதமுள்ளதில் கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போடுகிறார்கள். கிளுவைக்குள் ஓணானும் குருவியும் வாழும், முயல் நுழைந்து போகும், மண் அரிக்காது. கம்பி வேலி இவற்றில் எதையும் தராது.

இங்கே தன்னார்வலர் என்ன செய்யலாம்? முதலில், இது பெரும்பாலும் பட்டா நிலம். உரிமையாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி, அவர் சம்மதித்த பிறகுதான் கால் வைக்க வேண்டும். குளத்துக்கு ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினால் போதும். இங்கே ஒவ்வொரு குடும்பத்தின் நம்பிக்கையையும் பெற வேண்டும். மூன்று வேலைகளில் இதுவே மெதுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே போன பிறகு வேலை எளிது. வேலியில் இடைவெளி விழுந்த இடத்தில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நடுவது, பரவிவரும் சீமைக் கருவேலத்தைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்குவது, புல் விதை சேகரிப்பது. கன்றுக்குத் தண்ணீர் லாரி தேடியதுபோல இங்கே தேட வேண்டாம். கிளுவைக்கும் புல்லுக்கும் மழை போதும்.

விதை சேகரிப்பதை ஒரு முறையாவது செய்து பாருங்கள். கொழுக்கட்டைப் புல்லின் கதிர் அணில் வால்போல இருக்கும். முற்றியதும் விரல்களுக்கிடையில் வைத்து மேல்நோக்கி உருவினால் பஞ்சுபோல விதை கையில் வரும். ஒரு பை நிரம்பியும் எடை தெரியாது. உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. சில மாதம் உலர்ந்து உறங்க வேண்டும். விதைக்கும்போது ஈர மணலில் பிசைந்து தூவ வேண்டும், இல்லாவிட்டால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். குழி தோண்ட முடியாத எழுபது வயதுக்காரரும், எட்டு வயதுப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்யக்கூடிய வேலை இது.

சத்தியமங்கலம், சிறுவாணி அடிவாரத்தில் உண்ணிச்செடி என்ற அந்நியப் புதரை அகற்றும் வேலையும் இருக்கிறது. தேவையான வேலைதான். ஆனால் வனத்துறை அழைத்தால் மட்டுமே போக முடியும், யானை நடமாட்டம் உண்டு, பூத்துக் காய்க்கும் முன்பே வேரை அறுக்க வேண்டும். அழைப்பு வந்தால் போங்கள்.

ஆக என் தேர்வு இது. ஒரே ஒரு ஞாயிறுதான் உண்டு என்றால் வாய்க்கால் மதகு. வீட்டுக்கு நடந்துபோகும் தொலைவில் இடமும், மூன்று கோடைக்குத் தண்ணீரும் இருந்தால் மரம். அதுவும் வேம்பு, புங்கன், உசிலை, வெள்வேல் போன்ற இந்த மண்ணின் மரம். மாதம் ஒரு நாள் வீதம் ஆண்டு முழுக்க வர முடியுமென்றால் கொறங்காடு. மரத்துக்கும் குளத்துக்கும் நான் இல்லாவிட்டாலும் ஆள் வரும். புல்லுக்கு வராது. அதனால் என் ஞாயிறுகளை அங்கே கொடுத்துவிட்டேன்.

இந்த ஆண்டு புரட்டாசி முதல் வாரத்தில் கிளுவைப் போத்து வெட்டத் தொடங்குகிறோம். வருபவர்கள் கொடுவாள், முழுக்கைச் சட்டை, முள் ஏறாத செருப்பு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தால் போதும். புல் விதை போன தையிலேயே உருவி வைத்தாயிற்று. எங்கள் வீட்டு அட்டத்தில் கோணிப் பைகளில் உறங்கிக்கொண்டிருக்கிறது.