சோனாக்ஸ் வீல் கிளீனர் பிளஸ்: அலாய் வீலுக்குத் தைரியமாக அடிக்கலாம்

அலாய் வீலில் படியும் கருப்பு வெறும் மண் இல்லை, பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூளும் சேர்ந்தது. ஷாம்புக்கு முழுசாக அசையாது. அமிலம் கலந்த கிளீனர் சட்டென்று வெளுக்கும். ஆனால் வீலின் மேலுள்ள பளபளப்பான பாதுகாப்புப் பூச்சையும் (கிளியர் கோட்) அரித்துவிடக்கூடும். சோனாக்ஸில் அமிலம் இல்லை, அதுதான் பெரிய நிம்மதி.

வீல் நன்றாக ஆறியபின், நிழலில் வைத்து, மண்ணைத் தண்ணீரடித்து இறக்கி, நீர் வடிந்ததும் அடியுங்கள். கொஞ்ச நேரத்தில் பீட்ரூட் சாறு மாதிரி சிவப்பாக வழியும்: இரும்பு கரைகிறது. 3 முதல் 5 நிமிடம் போதும். மென்மையான பிரஷ்ஷை நட்டுக் குழிக்குள்ளும் ஸ்போக்கின் பின்பக்கமும் விட்டுத் தேய்த்து, காய்வதற்குள் அலசிவிடுங்கள். காய்ந்தால் கறை நிற்கும். நாற்றம் கடுமை, கையுறை அவசியம். தார் புள்ளிக்கு இது உதவாது. தனி ரிமூவர் வேண்டும்.

புது வீல் வாங்குவதானால் தேய்த்துக் கழுவ ஸ்போக் இடுக்கில் கை நுழைகிறதா பாருங்கள்.