டேப் ஹேண்டிகேமோடு இத்தனை வருஷம்

ஹேண்டிகேம் எனும் கையடக்க வீடியோ கேமராவின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ‘800 மடங்கு ஜூம்’ என்று ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது டிஜிட்டல் ஜூம். இருக்கிற படத்தையே இழுத்துப் பெரிதாக்கும் வேலை. லென்ஸ் செய்கிற ஆப்டிகல் ஜூம் 10, 20 மடங்கு இருந்தாலே மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மணமேடையைப் பிடித்துவிடலாம்.

2000-களின் நடுவில் நான் வாங்கியது மினிடிவி (MiniDV) எனும் சின்ன டிஜிட்டல் வீடியோ டேப் போடும் ரகம். சென்னை ரிச்சி தெரு, பர்மா பஜார் இரண்டிலும் விலை விசாரித்துவிட்டு, கடைசியில் பில்லும் வாரண்டியும் தரும் கடையில்தான் வாங்கினேன். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையன், “அண்ணா, இங்க விலை கம்மி, வர்றப்ப வாங்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அங்கே விற்றது அந்நாட்டு டிவி முறையான என்.டி.எஸ்.சி. கேமரா, நொடிக்கு ஏறக்குறைய 60 முறை படம் பிடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால் அந்த வெளிச்சத்தில் எடுத்த படம் துடித்துக்கொண்டே இருக்கும். நொடிக்கு 50 முறை பிடிக்கும் நம்மூர் ‘பால்’ (PAL) முறைக் கேமராவுக்கு அந்த வம்பு இல்லை.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று, டேப் எந்தப் பக்கம் போடுவது என்பது. சில கேமராக்களில் அடிப்பக்கம் திறக்கும். முக்காலியில் மாட்டியிருந்தால் ஒவ்வொரு தடவையும் கழற்றித்தான் டேப்பை மாற்ற வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்துத் தாலி கட்டிவிடுவார்கள்! மேலே திறக்கும் மாடலாகப் பார்த்து நான் வாங்கியதற்கு அது ஒன்றுதான் காரணம். இன்றும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

படத்தைவிட ஒலிதான் அதிகம் படுத்தியது. வீட்டுக் கேமராக்கள் ஒலி அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும். தவில் ஓங்கி விழுந்ததும் சட்டென்று இறக்கிவிடும். பக்கத்தில் பாட்டி பேசுவது அமுங்கிப் போகும். பிறகு மெல்ல ஏறும்போது மின்விசிறியின் இரைச்சல் முன்னால் வந்து நிற்கும். அமைதியான அறை என்றால் கேமராவுக்குள் ஓடும் டேப் மோட்டாரின் ‘கிர்ர்’ சத்தமும் பதியும். அதனால் வெளி மைக் குத்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது, ஜூமைப் பார்ப்பதைவிட முக்கியம். செட்டிங்கில் ஆடியோ 12 பிட்டில் இருந்தால் உடனே 16 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள். என் கேமராவில் வாங்கும்போதே 12-தான் வைத்திருந்தார்கள்.

நம்மூர்ப் புழுக்கம் இதற்கு ஆகாது. ஏ.சி. காரிலிருந்து இறங்கி வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படிந்துவிட்டது என்று திரையில் துளி அடையாளம் காட்டி நின்றுவிடும். காய்கிறவரை காத்திருக்க வேண்டியதுதான். போகிற இடத்துக்குச் சற்று முன்னாலேயே ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவேன். வீட்டில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி போட்ட டப்பாவில் இருப்பதால் லென்ஸில் இதுவரை பூஞ்சை இல்லை.

பேட்டரி பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. கூட வருவது சிறிசு. பெரிதாக இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்குவதுதான் நிஜமான வேலை. கேமராவில் யு.எஸ்.பி. இருந்தது, ஆனால் அதில் போட்டோக்களும் மங்கலான வீடியோவும்தான் வரும். முழுத் தரம் வேண்டுமென்றால் ஃபயர்வயர் என்ற தனி கேபிள் இணைப்பு வேண்டும். ஒரு மணி நேர டேப் இறங்க ஒரு மணி நேரம் ஆகும்; ஹார்டு டிஸ்கில் சுமார் 13 ஜிபி பிடிக்கும். இப்போதைய லேப்டாப்புகளில் அந்த ஓட்டையே கிடையாது. 2025-இல் வந்த ஆப்பிள் கம்ப்யூட்டர் மென்பொருளான மேக்ஓஎஸ் டாஹோ ஃபயர்வயரை அடியோடு கைவிட்டுவிட்டது. நான் பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் ஓட்டை உள்ள ஒரு பிசிஐ கார்டைச் செருகி, அதை இதற்கென்றே வைத்திருக்கிறேன். கடையில் கொடுத்தால் எம்பி4 ஆக்கிப் பென்டிரைவில் தருகிறார்கள். பார்க்க அது போதும். சேமித்து வைக்க, இறக்கிய மூல டிவி (DV) கோப்பை அப்படியே கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரில் ஓட்டும்போது அசைகிற கைகளில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் டேப் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். விஎல்சி பிளேயரில் அந்தக் கோடுகளை நீக்கும் ‘டீஇன்டர்லேஸ்’ வசதியைப் போட்டால் சரியாகிவிடும்.

2006-இல் அறிவித்த ஏவிசிஎச்டி எனும், டேப் இல்லாமல் வீடியோ பதியும் முறையும் மெமரி கார்டும் வந்தபின் இந்தச் சள்ளை எல்லாம் போய்விட்டது. ஆனால் கார்டு நிறைந்ததும் அழித்துவிட்டு மேலே எடுக்கிற பழக்கமும் கூடவே வந்தது. டேப்பில் அழிப்புத் தடுப்பு நாக்கைத் தள்ளிவிட்டு அலமாரியில் போட்டால் போட்டதுதான்.

பழைய கேமராவைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதற்கு முன் எல்லா டேப்பையும் இறக்கிவிடுங்கள். 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் பிடிக்கும் எல்பி (லாங் பிளே) முறையில் எடுத்தவை வேறு கேமராவில் கட்டம் கட்டமாக உடையும், ஒலி விட்டுவிட்டு வரும். எடுத்த கேமராவிலேயே போட்டால் பெரும்பாலும் ஒழுங்காக ஓடுகிறது.