கா, பில்லி வுட்ஸ், மைக்: எத முதல்ல கேக்கலாம்?

அமெரிக்க அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப்ல, அதாவது பெரிய கம்பெனி பக்கம் போகாத ராப் பாட்டுல, சமீபத்துல வந்ததுல மூணு ராப்பருங்களோட ஆல்பம் சொல்லியே ஆகணும். கா பண்ண 'த தீஃப் நெக்ஸ்ட் டு ஜீசஸ்' (2024), பில்லி வுட்ஸோட 'கோலிவாக்' (2025), மைக்கோட 'ஷோபிஸ்!' (2025). நான் காசு குடுத்து வாங்கினது கா ஆல்பம்தான்.

மூணு பேரும் நியூயார்க், மூணு பேரும் பெரிய கம்பெனிக்காக காத்துக்கிட்டு இல்லாம சொந்தமா போடுறவங்க, அதெல்லாம் தெரிஞ்சதுதான். எனக்கு முடிவு பண்ண விஷயம் ஒண்ணே ஒண்ணு, வரி காதுல விழுதா? நாமெல்லாம் ஸ்கூல்ல இங்கிலீஷ் படிச்சவங்க, ப்ரூக்ளின் ஸ்லாங்க வேகமா கொட்டுனா பாதி போயிடும், லிரிக்ஸ தொறந்து வெச்சுக்கிட்டே கேக்கணும்னா மறுபடி போட மனசே வராது.

கா அந்த எடத்துல ஜெயிக்கிறார். ரகசியம் சொல்ற மாதிரி குரல், அவசரமே கெடையாது, ட்ரம்ஸ் ரொம்ப கம்மி, பழைய காஸ்பெல் (கறுப்பின மக்களோட சர்ச் பாட்டு) ரெக்கார்டுலேர்ந்து எடுத்த குரலுங்க பின்னாடி சுத்திக்கிட்டே இருக்கும். பீட்டும், அதாவது வரிக்குப் பின்னாடி ஓடுற இசையும், அவரே போட்டதால எந்த வரிக்கு எவ்வளவு எடம் விடணும்னு தெரிஞ்சு விட்டிருக்கார், ஒரு வரி முடிஞ்சு அது உள்ள எறங்குற வரைக்கும் அடுத்தது வராது. விஷயமோ கனமானது: அடிமையா வெச்சிருந்தவன் கும்புட்ட அதே சாமிய கறுப்பின மக்கள் ஏன் இவ்வளவு இறுக்கிப் புடிச்சாங்க, அது அவங்கள தாங்குச்சா, அடக்குச்சா? தலைப்புல இருக்கிற கள்ளன் இயேசு பக்கத்துல சிலுவையில தொங்குனவன், அவன் பக்கத்துல நின்னு கேள்வி கேக்குற ஆல்பம் இது. ஆனா அந்த காஸ்பெல் குரலுங்கள எங்கயும் கேலியா வெக்கல, அதான் எனக்கு ரொம்ப பெருசா படுது. கா ப்ரூக்ளின்ல இருக்கிற ப்ரவுன்ஸ்வில்காரர், நியூயார்க் தீயணைப்புத் துறையில கேப்டனா இருந்துக்கிட்டே இத்தனை வருஷம் ஆல்பம் பண்ணவர். இது வந்தது ஆகஸ்ட்ல, அதே வருஷம் அக்டோபர்ல 52 வயசுல இறந்துட்டார்.

'கோலிவாக்' பயங்கரமான ஆல்பம், நெஜமாவே பயமுறுத்தும். சின்ன வயசுல ஜிம்பாப்வேல வளந்தவர் வுட்ஸ், காலனி காலத்து பேயும் இன்னைக்கு வாடகை வீட்டு பயமும் ஒரே பாட்டுல வரும். குரல் கணீர்னு இருக்கும், ஆனா ஒரு வரிக்குள்ள மூணு சங்கதி, புடிக்கிறதுக்குள்ள நாலாவது வந்துடும். எல்-பி, ஆல்கெமிஸ்ட், கென்னி செகல்னு பீட் போட்டவங்களும் நெறைய, பாட்டுக்குப் பாட்டு சூழல் மாறும். எனக்கு இன்னும் முழுசா பிடிபடல, ஆறு மாசம் கழிச்சு வேற மாதிரி சொல்லலாம்.

மைக்க நான் இப்பதான் ஒழுங்கா கேக்குறேன். குட்டி குட்டி பாட்டு, தூக்கக் கலக்கத்துல பேசுற குரல், பீட் எல்லாம் இதமா இருக்கு, வரி மட்டும் நழுவுது. வேலை பாத்துக்கிட்டே ஓட விட இதுதான் வசதி.

கா புடிச்சுட்டா அடுத்து 2020ல வந்த 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் கெய்ன்' போங்க, அதுவும் பைபிள் கதைதான், ஆனா அதுல அவரோட தெருவும் அவர் வீட்டு ஆளுங்களும் இன்னும் கிட்டத்துல தெரிவாங்க.