ஸ்டூடியோ மேசைக்கு எது தோது: எம்வி, சிபி, ஆர்சிங்க்

தோட்டக் கோயில் தீமிதி, திருமண வீடியோ, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் ஒரு ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் வருசக்கணக்கில் சேர்வது இவைதான். கேமரா கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு. இந்த வேலைக்கு லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், புழங்கும் மூன்று கருவிகளை இங்கே பார்க்கிறோம்: கோப்பை நகர்த்தும் எம்வி, நகலெடுக்கும் சிபி, இரண்டு இடங்களை ஒத்திசைக்கும் ஆர்சிங்க். மூன்றுக்கும் ஒரு காசு செலவில்லை. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து.

எம்வி ஒரே டிஸ்க்குக்குள் என்றால் அபாரம். 200 ஜிபி ஃபோல்டரானாலும் தரவு அசையாது, பெயர்ப் பதிவு மட்டும் மாறும், நொடியில் முடிந்துவிடும். வேறு டிஸ்க்குக்கு என்றால் அதே எம்வி முதலில் நகலெடுக்கும், பிறகு மூலத்தை அழிக்கும். நடுவில் யூஎஸ்பி கேபிள் ஆடினாலோ, மாலை இடிமழையில் கரண்ட் போனாலோ, எது முழுசாகப் போனது, எது பாதியில் நின்றது என்று அது சொல்லாது. டிஸ்க் மாறும் இடத்தில் எம்வி வேண்டாம் என்பதே நம் தீர்ப்பு.

அதன் இன்னொரு குணமும் தெரிந்திருக்க வேண்டும். ‘எம்வி படம்1.ஜேபிஜி தீமிதி’ என்று தட்டும்போது தீமிதி என்ற ஃபோல்டர் இல்லாவிட்டால், படத்தின் பெயரே தீமிதி ஆகிவிடும். அடுத்த படத்தையும் அப்படியே அனுப்பினால் முதல் படம் சத்தமில்லாமல் போய்விடும். ‘தீமிதி/’ என்று சாய்கோட்டோடு முடித்தால், ஃபோல்டர் இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். இரண்டு கேமராவில் எடுத்த படங்களுக்கு ஒரே எண் வருவது சகஜம். அதனால் கேட்டுவிட்டு மேலெழுத ‘-ஐ’, மேலெழுதவே கூடாது என்றால் ‘-என்’.

சிபியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோல்டரை உள்ளிருப்பதோடு எடுக்க வெறும் ‘-ஆர்’ போட்டால் எல்லாப் படத்துக்கும் இன்றைய தேதி விழும், வரிசை குலையும், பழைய தேதியையும் காக்கும் ‘-ஏ’ போடுங்கள். பாதியில் நின்ற வேலையை, மூலம் புதியதாக இருந்தால் மட்டும் எடுக்கும் ‘-யூ’ கொடுத்துத் தொடரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தொடராது. அறுந்து நிற்கும் பாதிக் கோப்பின் தேதி மூலத்தைவிடப் புதியது. ஆகவே சிபி அதைத் தாண்டிப் போகும், பாதி வீடியோ பாதியாகவே கிடக்கும்.

டிஸ்க் விட்டு டிஸ்க்குக்கு ஆர்சிங்க்தான். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்டது. நெட்வொர்க் வேலைக்குப் பிறந்த கருவி என்றாலும், நம் மேசையில் அதன் பலன் வேறு. ஒவ்வொரு கோப்பையும் முன்னால் புள்ளி வைத்த தற்காலிகப் பெயரில் எழுதி, முழுசான பிறகே உண்மைப் பெயரைக் கொடுக்கும். கரண்ட் போனால் அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். அளவும் தேதியும் ஒத்தவற்றை விட்டு மீதியை மட்டும் எடுக்கும்.

குறை? சாய்கோடு. மூலத்தை ‘தீமிதி/’ என்றால் உள்ளே இருப்பவை போகும்; ‘தீமிதி’ என்றால் ஃபோல்டரே போகும். சும்மா நகலெடுக்கையில் இது தலைவலி, அவ்வளவுதான். மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழிக்கும் ‘--டிலீட்’ சேர்த்து, இலக்காக டிஸ்க்கின் வேர் ஃபோல்டரை (எல்லாவற்றுக்கும் மேலே உள்ளதை) கொடுத்து, மூலத்தில் சாய்கோட்டையும் போட்டுவிட்டால், அந்த டிஸ்க்கில் இருக்கும் மற்ற விழாக்கள் எல்லாம் காலி. முதலில் ‘-என்’ போட்டு ஒத்திகை பாருங்கள். எம்வியில் ‘-என்’ மேலெழுதாதே, ஆர்சிங்கில் ‘-என்’ எதையும் செய்யாமல் பட்டியல் மட்டும் காட்டு. எழுதியவர்களுக்கு இரக்கமே இல்லை.

கடையில் வாங்கும் டிஸ்க் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வடிவமைப்பில் வரும். அதில் உரிமையாளர், அனுமதி விவரம் சேமிக்க முடியாது. ஆர்சிங்கில் அவற்றையும் எடுக்கும் ‘-ஏவி’ போட்டால் வரிசையாகப் பிழை வந்து கடைசியில் 23 என்ற எண்ணோடு முடியும். உள் ஃபோல்டர்களையும் தேதியையும் மட்டும் எடுக்கும் ‘-ஆர்டிவி’ போதும். பழைய பென்டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தொடும் ஒரு வீடியோகூட ஏறாது. அதில் நேரம் 2 வினாடிக் கணக்கில்தான் பதிவாகும்; போன படமே திரும்பத் திரும்பப் போனால் ‘--மாடிஃபை-விண்டோ=1’ சேருங்கள்.

தமிழில் பெயர் வைக்கிறவர்கள் கவனிக்க. லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க்கில் பெயருக்கு 255 பைட் உச்சம். தமிழ் எழுத்துக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியே 3 பைட். ‘திருமணம்’ மட்டுமே 24. எக்ஸ்ஃபேட் பைட்டை எண்ணாது, 255 குறியீடு வரை ஏற்கும். ஆகவே அங்கே மணமக்கள், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்து வைத்த நீளப் பெயர் எக்ஸ்ட்4-க்கு வரும்போது பெயர் நீளம் என்று நின்றுவிடும். பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்தால் ‘கோவில்’ இரண்டு ஃபோல்டராகத் தெரியலாம்: ஒன்றில் ‘கோ’வின் குறி ஒரே குறியீடு, மற்றதில் கொம்பும் காலும் தனித்தனி. கண்ணுக்கு ஒன்று, ஆர்சிங்குக்கு இரண்டு. ஒன்றின் பெயரை மாற்றிவிட்டு, பிறகு ஒன்றாக்குங்கள்.

மூலத்தை அழிக்கும் முன் ஆர்சிங்கை ‘-ஆர்டிவிஎன்சி’ போட்டு ஓட்டுங்கள். ‘சி’ இருபக்கக் கோப்புகளையும் முழுசாகப் படித்து ஒப்பிடும், நேரம் பிடிக்கும். பட்டியலில் ஒரு கோப்புப் பெயரும் வராவிட்டால் சரி. ஆனால் நகலெடுத்த கையோடு ஓட்டினால் டிஸ்க்கில் இருப்பதை அல்ல, நினைவகத்தில் இருப்பதையே படிக்கக்கூடும். டிஸ்க்கை லினக்ஸிலிருந்து விடுவிக்கும் ‘யூமவுண்ட்’ செய்து, அது முடிந்து கர்சர் திரும்பும்வரை காத்திருந்து, கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகு ஓட்டுங்கள். ‘--ரிமூவ்-சோர்ஸ்-ஃபைல்ஸ்’ என்ற விருப்பமும் உண்டு; கோப்பை எடுக்கும், காலி ஃபோல்டர்களை விட்டுவிடும்.

விண்டோஸ்தான் இருக்கிறது என்பவர்களுக்கு ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை, விஸ்டா காலத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. இலக்கை மூலம் போலவே ஆக்கும் ‘/எம்ஐஆர்’ போட்டால் மேலே சொன்ன டிலீட் அபாயம் அப்படியே பொருந்தும். ஒரு கோப்பு திறந்து கிடந்தால் 30 வினாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயல்வது அதன் இயல்பு. ‘/ஆர்:1 /டபிள்யூ:1’ (ஒரு முறை மறுமுயற்சி, 1 வினாடி இடைவெளி) போடாமல் இரவில் ஓடவிடாதீர்கள். முடிவில் வெளியேறும் எண் 1 என்றால் கோப்புகள் நகலாயின என்று பொருள். 8-உம் அதற்கு மேலும் வந்தால்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.