பாட்டியின் அலுமினியச் சட்டியா, புதிய எவர்சில்வரா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு மாறும்போது, பழைய வார்ப்பு அலுமினியச் சட்டியை வைத்துக்கொள்வதா, தேக்கா கடைகளில் புதிய எவர்சில்வர் வாங்குவதா என்று உறவினர்கள் பலர் கேட்கிறார்கள்.

வரலாறு: 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எருவும் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் மின்னாற்பகுப்பு முறையைத் தனித்தனியே கண்டறியும்வரை அலுமினியம் அரிய உலோகமாகவே இருந்தது, 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அதைத்தான் பொருத்தினார்கள். எவர்சில்வரோ, 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் வழிவந்தது.

சூடு: அலுமினியம் அந்த எஃகைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், தடித்த சட்டியில் வெங்காயம் ஓரம், நடு என்றில்லாமல் ஒரே சீராகச் சிவக்கிறது. மெல்லிய எவர்சில்வரில் நடுப்பகுதி முதலில் கருகிவிடும்.

புளிப்பு: இங்கே எவர்சில்வருக்கே என் வாக்கு. ஒருமுறை மீன் குழம்பை இரவு முழுவதும் அலுமினியச் சட்டியிலேயே விட்டுவிட்டேன். காலையில், குழம்பு நின்ற மட்டம்வரை உட்புறம் வெளுத்து, விரலுக்குத் தட்டுப்படும் சிறு குழிகள் விழுந்திருந்தன. பாட்டியின் சட்டிக்கு அப்படிச் செய்தது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

எடை: ஒரே அளவு, ஒரே தடிமன் என்றால் அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு.

அடுப்பு: வெறும் அலுமினியம் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள எவர்சில்வர் சூடாகும்.

எரிவாயு அடுப்பில் வறுக்கவும் தாளிக்கவும் பழைய சட்டியையே வைத்துக்கொள்ளலாம். ரசம், புளிக்குழம்பு, இண்டக்‌ஷன் என்றால் அடி கனமான எவர்சில்வரே ஏற்றது. எங்கே, எந்த உலோகக் கழிவை உருக்கி வார்த்தது என்று தெரியாத சட்டியில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதில் சமைக்கவே வேண்டாம்.