மாற்றக் காலத்தில் ஸ்லாக்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

இரண்டு துறைகளை இணைக்கும்போதோ புதிய மென்பொருளுக்கு மாறும்போதோ, அலுவலகக் குழுக்கள் செய்தி அனுப்பிப் பேசும் செயலியான ஸ்லாக்கை (Slack) நம்பி இறங்கலாமா? ஊழியர்களின் சந்தேகங்களை வெளியே கொண்டுவர, தாராளமாக. ஆனால் "எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்று நிம்மதியாக இருக்க அது மட்டும் போதாது.

அறிவிப்புக்கு ஒரு சேனல் (குழுவாகப் பேசும் அறை), கேள்விகளுக்கு இன்னொன்று என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். கலந்தால் மதியத்துக்குள் அறிவிப்பு கண்ணில் படாமல் போய்விடும். எந்தத் தேதியில், யாருக்கு, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்ற மூன்றும் உள்ள பதிவை, எப்போதும் எளிதில் எடுக்கும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள்.

கேள்விகளுக்குத் திரெட்டில், அதாவது அந்தப் பதிவின் கீழேயே கிளையாக ஓடும் உரையாடலில், பதில் சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தத் திரெட்டைப் பின்தொடராதவருக்குப் பதில் வந்ததே தெரியாது. எல்லாருக்கும் பொருந்தும் பதில் என்றால், சேனலுக்கும் அனுப்பும் பெட்டியை டிக் செய்தே அனுப்ப வேண்டும். இதை விட்டால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், அங்கிருந்துதான் வதந்தி கிளம்பும்.

பெரிய குறை, யார் படித்தார்கள் என்று ஸ்லாக் காட்டாது. "படித்ததும் டிக் எமோஜி போடுங்கள்" என்று பதிவின் கடைசியில் எழுதலாம். எமோஜி போட்டவர்களின் பெயர் தெரியும், போடாதவர்களை உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டுக் கையால்தான் எடுக்க வேண்டும். '@ஹியர்' என்று அழைத்தால் அந்த நேரத்தில் ஆன்லைனில் இருப்பவர்களுக்கு மட்டுமே அறிவிப்பு போகும். இரவு ஷிப்ட் இருக்கும் இடத்தில் '@சேனல்' தான் சரி.

இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் உரையாடல் மட்டுமே தெரியும். ஆறு மாதம் ஓடும் மாற்றத்துக்கு இது கட்டாது. முதல் மாதம் கொடுத்த வாக்குறுதியை ஐந்தாம் மாதம் எடுத்துக் காட்ட முடியாமல் போகும். கட்டணத் திட்டம் வேண்டாம் என்றால், முடிவுகளைத் தனி ஆவணத்தில் வாராவாரம் எழுதி வையுங்கள்.

சேனலில் கேட்பவர் பெயரோடுதான் கேட்க வேண்டும். "என் வேலை இருக்குமா?" என்ற கேள்வி அங்கே வராது. சேனல் அமைதியாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாதிரிக் கவலைகளை நேரடி மேலாளர் ஊழியர்களைச் சிறு குழுவாக உட்கார வைத்துத்தான் கேட்க முடியும்.

இன்னொன்று: திட்டமிடும் குழு மட்டும் பார்க்கும் தனிச் சேனலை அப்படியே பொதுவாக்கிவிடாதீர்கள். கைவிட்ட யோசனைகள், ஆட்களைப் பற்றிய பேச்சு உட்பட பழைய உரையாடல் முழுதும் எல்லார் கண்ணிலும் படும். புதுச் சேனல் திறக்க ஒரு நிமிடம் போதும்.