மாஸ்டரின் நீள நோட்டு: பெண்பிள்ளைகள் கபடி வகுப்பில் ஏழு மாதம்

என் மகளுக்கு 14 வயது. இந்தக் கபடி வகுப்பில் சேர்த்து ஏழு மாதம் ஆகிறது. மாதம் 500 ரூபாய். அரசுப் பள்ளி மைதானத்தில் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை. பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் பத்தாம் வகுப்பு வரை பள்ளி அணியில் லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவளாக, ஆடியவள்.

இதற்கு முன் வேறொரு இடத்துக்கு ஒரு வருடம் போனாள். அங்கே ஒரே கேள்விதான்: கோப்பை வந்ததா? அதற்காக நன்றாகப் பாடிப்போகிற, அதாவது ரெய்டு போகிற, இரண்டு பேரையே மாற்றி மாற்றி அனுப்பினார்கள். அந்த வருடம் போட்டிகளில் என் மகள் பாடிப்போனது மொத்தம் 9 முறை. ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருந்தாள்.

இங்கே மாஸ்டர் கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு. அதில் நூல் கட்டிய பென்சில் தொங்கும். ஒருநாள் கேட்டேன், “பாருங்கக்கா” என்று நீட்டினார். ஒரு போட்டியில் என் மகள் 11 ரெய்டு: மூன்றில் புள்ளி, ஐந்து காலி, மூன்றில் பிடிபட்டாள். இதை எந்தக் கோச்சும் எழுதுவார். அடுத்த இரண்டு கட்டங்கள்தான் எனக்குப் புதிது.

ஒன்று, ‘தனியாப் பாய்ந்தது’. கவரில், அதாவது கார்னருக்கு உள்பக்கம் துணையாக, நிற்பவள் வந்து சேர்வதற்குள் கார்னர் அவசரப்பட்டுக் காலைப் பிடிக்கப் பாய்ந்தால் ஒரு கோடு. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அப்படிப் பாய்ந்தே எத்தனையோ புள்ளியை விட்டிருக்கிறேன், அன்றைக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. இன்னொன்று, ‘மறுபடி எழுந்தது’. ஒரு அணிக்குத் தொடர்ந்து இரண்டு ரெய்டு காலியானால் மூன்றாவது டூ-ஆர்-டை. புள்ளி எடுக்காவிட்டால் பாடியவள் அவுட். சற்றுமுன் பிடிபட்டு, திரும்ப உள்ளே வந்த பிள்ளை அந்த ரெய்டுக்குத் தானாகக் கேட்டுப் போனால் ஒரு டிக்.

போன மாதம் பக்கத்து ஊரில் 28-31 என்று தோற்றார்கள். பிள்ளைகள் அழுதார்கள். மாஸ்டர் கொஞ்ச நேரம் அழ விட்டார். அப்புறம் நோட்டைத் திறந்து, “முதல் மேட்ச்ல தனியாப் பாய்ந்தது 17, இன்னிக்கு 3” என்று படித்தார். களத்தில் மூன்றே பேர் மிஞ்சியிருந்தபோது இருவர் கைகோத்துச் செயின் போட்டு, எதிரணியின் நல்ல ரெய்டரை மடக்கி, கூடுதல் புள்ளி தரும் சூப்பர் டேக்கிள் எடுத்திருந்தார்கள். யார் எங்கே நின்றார்கள் என்று குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினார். தப்பையும் விடவில்லை. முன்னிலையில் இருந்தபோது 30 விநாடியையும் ஓட்டிவிட்டு வராமல் அவசரப்பட்டு உள்ளே போய் மாட்டியது யார் யார் என்று பெயர் சொன்னார். அதில் என் மகளும் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. 24 பிள்ளைகளுக்கு ஒரே மாஸ்டர். பயிற்சி முழுக்க மண் தரையில், மேட் விரிப்பில் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான். போட்டி மேட் விரிப்பில் நடந்தால் முதல் பத்து நிமிடம் பிள்ளைகளின் கால் தடுமாறுகிறது. மழை பெய்தால் வகுப்பு இல்லை என்று சொல்லி அனுப்புவதில்லை. இரண்டு முறை நனைந்து திரும்பினோம். நோட்டை நாம் கேட்டால்தான் காட்டுகிறார். மாதம் ஒருமுறை பெற்றோரை உட்கார வைத்துக் காட்டலாம், கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

கோப்பை வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்கு இந்த இடம் பொறுமையைச் சோதிக்கும். என் மகளை இங்கேயேதான் தொடர்ந்து அனுப்பப்போகிறேன்.

சேர்ப்பதாக இருந்தால் முழங்கால் உறை நீங்களே வாங்கிக் கொடுங்கள், அங்கே தரமாட்டார்கள். நகம் வெட்டி அனுப்புங்கள். வரிசையில் நின்றதும் மாஸ்டர் முதலில் பார்ப்பது கையைத்தான்.